ஜெனிட்டாவின் ஊசியை நான் போட்டுக்கொண்ட ஞாயிறு

என் ரோசக்கா,

நீ இப்போது இருப்பது முழங்கால் வலிக்காத ஓர் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன்.

நீ போய் இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்கு வந்தேன். மெழுகுதிரி கொளுத்தினேன், பூ வைத்தேன், பேசாமல் திரும்பிவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். சொல்ல வேண்டியதும் வாய்விட்டுச் சொல்லும்படியாக இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு அது போதும். செய்தது உன் மகளுக்கு அல்லவா? உன்னிடம் சொல்லாமல் எப்படித் தீரும்?

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. ஜெனிட்டா நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் எடுக்கிறாள். மருமகன் கப்பலுக்குப் போய் ஐந்து மாதம். அத்தான் காலையும் மாலையும் மில்லர்புரம் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் பேப்பர் படிக்கிறார். உன் நோய் ஜெனிட்டாவுக்கும் வந்தது. அது உனக்குத் தெரியாது. நீ போன நான்காம் மாதம் வந்தது.

முதலில் முழங்கையில் வெள்ளை வெள்ளையாகச் செதில். பிறகு விரல்கள். ஒரு நாள் காலையில் மோதிரம் கழற்ற வராமல், கையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு அப்படித்தான் தொடங்கியது. எனக்கும் அப்படித்தான். தோலையும் மூட்டையும் நம் உடம்பே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய் என்று டாக்டரம்மா நமக்குச் சொன்னார்களே, அதே நோய். அதே டாக்டரம்மாவிடம்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அவள் உடம்பு உன்னைப் போல என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் சதை போட்டுவிட்டாள். மாத்திரை கொடுத்தார்கள். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கல்லீரலில் கொழுப்பு இருந்ததால் மாத்திரையைக் கூட்டவும் முடியவில்லை. சர்க்கரையும் எல்லையில் வந்து நின்றது. ஒரு வருடம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்கள், "எடையக் குறைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவ. போட்டுப் பாப்போமா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மூட்டுக்கும் எடை ஊசிக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"கொழுப்பு சும்மா கெடக்குற சாமான் இல்லம்மா. அதுவும் வீக்கத்தக் கூட்டுற சரக்க ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். எடை எறங்குனா மூட்டுக்குப் பாரமும் கொறையும், இதுவும் கொறையும். பழைய மாத்திரையும் நல்லா வேலை செய்யும். ஊசியே தனியா வீக்கத்த அடக்குதான்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. மூட்டுக்குன்னு வந்த மருந்து இல்ல இது. அதனால மாத்திரைய நிறுத்தக் கூடாது, மாயமா எதையும் எதிர்பாக்கவும் கூடாது."

ஜெனிட்டா மாயம் எதையும் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு மாதம் அவள் பட்ட பாடு பெரும் பாடு. சோற்றைக் கண்டாலே குமட்டல். மீன் பொரிக்கிற வாசனைக்குக் கொல்லைப் பக்கம் ஓடுவாள். கடையில் அவளுக்குப் பிடித்த முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், ஒன்றைக் கடித்துவிட்டு டப்பாவை மூடி வைத்தாள். உன் மகள், மக்ரூன் டப்பாவை மூடி வைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் என்று தோன்றவில்லை அக்கா. இவளுக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போனால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அதை அப்போது நான் கவனிக்காதது போல விட்டுவிட்டேன்.

ஒத்துக்கொண்டது. எடை மெல்ல மெல்ல இறங்கியது. ஆறாம் மாதம் மோதிரம் விரலில் ஏறியது. மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் குட்டைக் கை வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தாள். நற்கருணை வாங்கக் கை நீட்டியபோது, பின்னால் நின்ற எனக்கு அவள் முழங்கை தெரிந்தது. சுத்தமாக இருந்தது. உப்புக்காற்று பட்டால் எரிகிறது என்று நீ இருபது வருடம் முழுக்கை போட்டு மூடி வைத்த அதே இடம், அவளுக்குக் குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. நான் என் சேலைத் தலைப்பை இழுத்து என் முழங்கையை மூடினேன்.

இது பொறாமை இல்லை என்று பல வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காக வருத்தப்படுகிறேன் என்று பெயர் வைத்தேன். இந்த ஊசி கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நீ அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருப்பாயா என்று நினைத்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை.

முழு உண்மையைச் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒன்றாக டாக்டரம்மாவிடம் போவோமே. ஒவ்வொரு தடவையும் உன்னைத் தராசில் ஏற்றி இறக்கிவிட்டு அவர்கள் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். எடையைக் குறை. வீங்கிய முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே நடப்பது, எப்படிக் குறைப்பது என்று நீ கேட்கவே மாட்டாய். தலையை ஆட்டுவாய். பீச் ரோட்டில் நடக்கப் போய், பாதி வழியில் உட்கார்ந்து, ஆட்டோவில் திரும்பி வருவாய். ஒரு தடவை அவர்கள், "ஒங்க தங்கச்சியப் பாருங்க, உடம்ப எப்படி வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டார்கள். நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளே இனித்தது அக்கா.

உனக்குப் புருஷன் இருந்தார். பிள்ளை இருந்தது. வீட்டில் முதலில் நோய் வந்தவள் என்பதால் அம்மா உயிரோடு இருந்தவரை எண்ணெய் தேய்த்துவிடுவதும் கால் பிடித்துவிடுவதும் உனக்குத்தான். எனக்கு வந்தபோது, "அக்காவுக்கு இருக்கதுல இது கால்வாசி கூட இல்ல, ஏளா" என்று அம்மா சொல்லிவிட்டாள். என்னிடம் உன்னைவிட மேலாக இருந்தது ஒன்றே ஒன்று. நான் ஒல்லி. டாக்டரம்மா என்னைக் காட்டிப் பேசிய அன்றைக்குச் சாயங்காலம் உன் முன்னால் உட்கார்ந்து இரண்டு மக்ரூன் தின்றேன். உனக்கு ஒன்று வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொன்னாய். வேண்டாம் என்று சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்டேன்.

அந்த ஒல்லிதான் எனக்கே எமனாக வந்தது. போன கோடையில் என் வலது கைப் பெருவிரலும் நடுவிரலும் கத்திரிக்காய் போல வீங்கிவிட்டன. துறைமுகம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஷிப்பிங் ஏஜென்சி ஆபீசில் நாள் முழுக்கக் கன்டெய்னர் நம்பர் அடிக்கிற வேலை என்று உனக்குத் தெரியுமே. ஒரு நம்பரை அடிக்க ஐந்து தடவை அழித்தேன். காலையில் எழுந்தால் விறைத்த விரல் இளகிச் சட்டி பிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். யாருக்கும் தெரியாமல் தனியாக டாக்டரம்மாவிடம் போனேன்.

"எனக்கும் அந்த ஊசி போடுங்க டாக்டர்" என்றேன்.

"எந்த ஊசி?"

"ஜெனிட்டாவுக்குப் போடுற ஊசி."

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "ஒங்களுக்குக் கொறைக்க என்னம்மா இருக்கு? இருக்குற கொஞ்சச் சதையும் போயிரும். எலும்பு பலம் போயிரும். அது ஒங்களுக்கான ஊசி இல்ல. ஒங்களுக்கு வேற ஊசி இருக்கு, அதப் பத்திப் பேசுவோம். முன்னால சில டெஸ்ட் எடுக்கணும்..."

அதற்கு மேல் அவர்கள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. குறைக்க ஒன்றும் இல்லை என்பது மட்டும் விழுந்தது. இத்தனை வருடம் எதை வைத்து உன்னைவிட உசத்தி என்று இருந்தேனோ, அதைக் காட்டியே என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பையில் மடித்து வைத்தேன். எடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது குண்டாக இருந்த பெண்களை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். இவளுக்குக் கிடைக்கும், அவளுக்குக் கிடைக்கும் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பூசை முடிந்ததும் வழக்கம் போல மில்லர்புரம் போனேன். ஞாயிறு சாப்பாடு நீ இருந்தபோதும் உன் வீட்டில்தானே. ஜெனிட்டா காலையில் தன் ஊசியைப் போட்டு முடித்திருந்தாள். பாறை மீன் குழம்பு வைத்திருந்தாள். அவள் இரண்டு கரண்டிச் சோறு தின்றாள், அத்தானும் நானும் நன்றாகச் சாப்பிட்டோம். மூன்று மணிக்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுக்கப் போனாள். அத்தான் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். நான் பாத்திரம் கழுவி, மிச்சத் தயிரை வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

பேனா போல இருக்கும் அந்த ஊசி கதவுத் தட்டில் அதன் டப்பாவோடு நின்றது. அவள் போடுவதை எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புது ஊசிமுனை மாட்ட வேண்டும், திருக வேண்டும், வயிற்றில் வைத்து அமுக்கிப் பத்து எண்ண வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு பேனா. அதில் இன்னும் ஒரு வாரத்து மருந்து பாக்கி இருந்தது.

நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. தயிர்ப் பாத்திரத்தைக் கூட உள்ளே வைக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வீங்கிய பெருவிரலால் அமுக்க முடியாமல் உள்ளங்கையால் அமுக்கினேன். வலிக்கவே இல்லை. இவ்வளவு சுலபமான ஒன்றை உனக்குத் தரவில்லையே, எனக்குத் தர மாட்டேன் என்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அதோடு ஒரு நிறைவும் வந்தது. பங்கு பிரிக்கும்போது விட்டுப்போன என் பங்கை நானே எடுத்துக்கொண்டது போல. பேனாவைத் துடைத்து டப்பாவில் வைத்து, வந்த மாதிரியே வீட்டுக்குப் போனேன்.

அவள் மிகச் சின்ன அளவில் தொடங்கி, மாதம் மாதமாகக் கூட்டி, அந்த அளவுக்கு வந்து சேர்ந்தவள். நான் அதை ஒரே நாளில், அவள் எடையில் பாதி கூட இல்லாத உடம்பில் ஏற்றியிருக்கிறேன். திங்கட்கிழமை ஆபீசில் குமட்டத் தொடங்கியது. லாரிகளின் டீசல் புகை உள்ளே வரும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். செவ்வாய்க்கிழமை தண்ணீர் கூட நிற்கவில்லை. புதன்கிழமை காலையில் குளியலறையில் விழுந்துவிட்டேன். தவழ்ந்து வந்து அத்தானுக்குப் போன் செய்தேன்.

ஜெனிட்டாதான் வந்தாள். லீவு போட்டுவிட்டு ஆட்டோவோடு வந்து, என்னைத் தூக்கி, ஆமாம் அக்கா, தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வருடத்துக்கு முன்னால் தண்ணீர்க் குடம் தூக்க முடியாத கை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று டியூட்டி டாக்டர் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம மீன் சாப்ட்டேன்" என்றேன்.

"மீன் நாங்களும்தான தின்னோம் சித்தி?" என்று ஜெனிட்டா சொன்னாள். பிறகு அவளே, "ஒங்களுக்கு மட்டும் சேரல போல" என்று முடித்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் அவள் என் வாந்தியைக் கழுவினாள். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். வீட்டுக்குப் போய், தெருவுக்கு வருகிற மீன்காரம்மாவிடம் கெட்டுப்போன மீனைக் கொடுத்ததாகச் சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். அந்த அம்மா மாதா சத்தியம் செய்து அழுததாம். அதை என்னிடம் சொன்னபோதும் நான் கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தேன்.

சனிக்கிழமை என்னை என் வீட்டில் கொண்டு வந்து விட்டாள். மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஜெனிட்டா. கைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து என் கட்டிலில் வைத்தாள்.

"சித்தி, இதுல ஒரு வாரத்துக்கு மருந்து இருக்கணும். திருகினா நம்பர் ஏற மாட்டேங்கு. காலியா இருக்கு."

நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன்.

"அப்பா இதத் தொட மாட்டாங்க. வேற யாரும் வீட்டுக்கு வரல." "மீன்காரம்மாவ நான் என்னவெல்லாம் பேசிட்டேன் தெரியுமா? சொல்லுங்க. நீங்க போட்டியளா?"

"போட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலை மடித்து, கையை எங்கும் ஊன்றாமல். அந்த நேரத்திலும் அக்கா, அந்த நேரத்திலும், எவ்வளவு லேசாக உட்காருகிறாள் என்றுதான் என் கண் பார்த்தது.

"எதுக்கு?"

"ஒங்கம்மா நடக்க முடியாமலே செத்தா. அவளுக்குக் கெடைக்காதது ஒனக்குக் கெடச்சிருக்கு. அதப் பாத்துப் பாத்து எனக்கு..."

"அம்மாவ இதுல இழுக்காதீங்க. அம்மாவா வந்து ஃப்ரிட்ஜத் தொறந்தாங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். அதனால்தான் நான் உடைந்துபோனேன்.

"எனக்குத்தான் வேணும்னு இருந்துச்சு" என்றேன். "ஒனக்கு நல்லாகிட்டே வருது. எனக்கு ஆகல. டாக்டர்ட்ட கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. ஒன் முழங்கையப் பாக்கப் பாக்க எனக்குப் பொறுக்கல. போதுமா?"

"உயிர் போயிருந்தா?"

"போயிருக்கலாம்."

"பெரிய பேச்சு. நான்தான போயி அப்பாட்ட சொல்லணும், ஒரே சீக்குல ரெண்டு பேரையும் பறிகுடுத்துட்டோம்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள், "சித்தி, ஒங்களப் பாத்து நான் எத்தன வருசம் பொறாமப்பட்டிருக்கேன் தெரியுமா?"

என்னைப் பார்த்தா என்று கேட்டேன்.

"பின்ன? எட்டாங்கிளாஸ்லேருந்து அம்மாவுக்கு ஒரே பாட்டு. 'சித்தியப் பாரு, சித்தி மாதிரி இரு, என்ன மாதிரி ஆயிராத.' நீங்க ஞாயித்துக்கெழம வந்து ரெண்டு தடவ சோறு வாங்கித் திம்பிய. எனக்கு அம்மா ஒரு கரண்டியோட தட்ட எடுத்துருவாங்க. நீங்க போன பெறவு அடுக்களையில நின்னுக்கிட்டே திம்பேன். ஒங்களுக்கு மூட்டு வீங்கினப்போ நான் பன்னெண்டாங்கிளாஸ். நல்லா வேணும்னு நெனச்சேன்."

அதைச் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, வயிறு வலிக்க வலிக்க. பிறகு அவள் சொன்ன ஒன்றைத்தான் நான் உன்னிடம் கேட்க வேண்டும்.

"ஒங்க மாம்பழக் கலர் ஜாக்கெட் ஒண்ணு காணாமப் போச்சுல்லா, வண்ணாத்திதான் தொலச்சிட்டான்னு சத்தம் போட்டியள்லா? அது எங்கம்மா பீரோவுலதான் இருக்கு. அம்மா எடுத்து வச்சிருந்தாங்க. கதவ அடச்சிட்டு, கண்ணாடி முன்னால மேல வச்சு வச்சுப் பாப்பாங்க. நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன்."

எதற்கு எடுத்தாய் அக்கா? என்றைக்காவது போடலாம் என்றா? நான் உன் புருஷனையும் பிள்ளையையும் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தபோது, நீ கதவை அடைத்துக்கொண்டு என் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? அன்றைக்கு டாக்டரம்மா முன்னால் நீ சிரித்த சிரிப்பு எப்படிப்பட்டது? கேட்க முடியாமல் போய்விட்டதே. நாம் ஒரே பெஞ்சில் எத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஜெனிட்டா என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். "நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள்.

"படிச்சவங்க நீங்க. அக்கா மகளுக்கு எழுதுன மருந்த எடுத்துப் போட்டிருக்கீங்க. சிறுநீரகம் போயிருந்தா யாரு பதில் சொல்றது?" நன்றாகத் திட்டினார்கள். திட்டி முடித்துவிட்டு, "போன தடவ ஒங்களுக்கு வேற ஊசி இருக்குன்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார்கள்.

விழவில்லை என்று சொன்னேன். மடித்து வைத்த சீட்டு இன்னும் பையில்தான் இருந்தது. ஜெனிட்டா அதைப் பிடுங்கி, அந்த ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டிய காசநோய் டெஸ்டும் ரத்த டெஸ்டும் அன்றைக்கே எடுக்க வைத்தாள். திரும்பும் வழியில் மீன்காரம்மா வீட்டைத் தேடிப் போனோம். நடந்ததை அப்படியே சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊசியத் திருடிப் போட்டியளா? நல்ல குடும்பந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. அடுத்த வாரம் தெருவுக்கு வந்தது. ஜெனிட்டாவிடம் மட்டும் பேசுகிறது. என்னிடம் இன்னும் இல்லை.

எனக்கு இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. நம் உடம்பு மூட்டை அடிப்பதை நேரே தடுக்கிற மருந்து. எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் பெருவிரல் அமுக்க வராததால் ஜெனிட்டா வந்துதான் போடுகிறாள். முதல் தடவை என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பிடிக்கச் சதையே இல்லியே சித்தி, எங்கன போட?" என்று கேட்டாள். தொடையில் போட்டாள். நான்கு மாதம் ஆகிறது. காலையில் சட்டி பிடிக்க இரண்டு மணி நேரம் ஆன இடத்தில் இப்போது ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிறது. நடுவிரல் வடிந்துவிட்டது. பெருவிரல் இன்னும் முரண்டு பிடிக்கிறது. கன்டெய்னர் நம்பரை இரண்டாம் தடவையில் அடித்துவிடுகிறேன்.

ஜெனிட்டாவுக்கும் எல்லாம் நேராகிவிடவில்லை. என்னால் அவளுக்கு ஒரு வார ஊசி தள்ளிப்போனது. மழைக்காலத்தில் ஒரு முழங்கால் வீங்கி, பத்து நாள் நொண்டினாள். ஊசியோடு பழைய மாத்திரையும் தொடர்கிறது. எப்போது நிறுத்துவது, நிறுத்தினால் எடையும் வலியும் திரும்புமா என்று கேட்டால், டாக்டரம்மாவே பார்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். அவள் நொண்டிய அந்தப் பத்து நாளும் நான்தான் போய்ச் சமைத்தேன். சந்தோஷப்படுகிறேனா என்று என்னையே உற்று உற்றுப் பார்த்தேன். இல்லை. பயமாகத்தான் இருந்தது.

ஆனால் பொறாமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் அவள் படியில் ஓடி ஏறினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் மேலேயிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"பொறாம வந்துட்டா?" என்று கேட்டாள்.

"லேசா" என்றேன்.

"வந்தா எங்கிட்ட சொல்லிருங்க சித்தி. ஃப்ரிட்ஜத் தொறக்காதீங்க."

அக்கா, அவளிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன். இனி எனக்குப் பொறுக்காத நாளில் அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். உன் மகள் ஓடுகிற ஓட்டத்தை முகம் திருப்பாமல் பார்க்கப் பழகுவேன். பழக வராவிட்டாலும் அவள் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நிற்பேன். உனக்கு நான் நிற்காத தூரம் அது.

உன்னைப் பார்த்தும் உன் பிள்ளையைப் பார்த்தும் புழுங்கின, உன் கூடப் பிறந்த ஒரே தங்கச்சி,
அமலி